மாடி சும்மாத்தான் கெடக்கு

சென்ற ஐப்பசியில் ஒரு மழைநாள். விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். கூத்தாநல்லூரிலிருந்து என் தோழி தொலைபேசியில் பேசினாள். கல்லூரி விடுதியில் மூன்று வருடம் எனக்கு அடுத்த கட்டில் அவளுடையது. “அங்க கெடந்து ஏண்டி இடிபடுற? எங்க வீட்டு மாடி சும்மாத்தான் கெடக்கு. வந்து இருந்து எழுது. ஆத்தோரம். சத்தம் கித்தம் ஒண்ணும் கெடையாது” என்றாள்.

எனக்கு 46 வயது. மகள் பெங்களூரில் படிக்கிறாள். நான் சென்னையில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். கடைசிக் கவிதைத் தொகுப்பு வந்து எட்டு வருடம் ஆகிறது. திருவாரூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் என் பாடத்துக்கு இடம் காலியாக இருப்பதாகக் கேள்வி. மாறுதல் கலந்தாய்வில் கேட்டால் கிடைக்கலாம். ஆக, கேள்வி எளிமையானதுதான்: போவதா, வேண்டாமா?

அன்றிரவு படுத்துக்கொண்டு அந்த மாடியைக் கற்பனை செய்தேன். ஜன்னலுக்கு வெளியே ஆறு நிறையத் தண்ணீர், படித்துறை, மூங்கில் நிழல், பித்தளைத் தம்ளரில் காப்பி. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, இது கூத்தாநல்லூர் இல்லை என்று. காப்பியும் படித்துறையும் நான் வாசித்த நாவல்களிலிருந்து வந்தவை. அந்த நாவல்களை எழுதியவர்கள் எல்லோரும் ஆண்கள். என் ஆசையே இரவல் சரக்காக இருக்கும்போது அதை நம்பி வீடு மாற்றுவது எப்படி? அலமாரியைத் திறந்து, ஆற்றங்கரை ஊரைப் பற்றித் தமிழ் எனக்கு என்னதான் சொல்லிவைத்திருக்கிறது என்று மறுபடி வாசிக்கத் தொடங்கினேன். வாடகை வீடு பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் வருமா என்று விசாரிப்பதைப் போன்ற வாசிப்பு இது.

என் முனைவர் பட்ட ஆய்வு மருதத் திணையில். வயலும் வயல் சார்ந்த இடமும், உரிப்பொருள் ஊடல். இதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். இருபது வருடம் எழுதிப்போட்ட பிறகுதான் அதன் முழு அர்த்தம் என் மேல் விழுந்தது. குறிஞ்சியில் பெண் சந்திக்கிறாள், பாலையில் பிரிகிறாள் அல்லது உடன் போகிறாள். நீர் நிறைந்த, நெல் விளைந்த, வசதியான ஊருக்கு வந்ததும் அவளுக்கு இலக்கணம் ஒதுக்கியிருக்கிற வேலை ஊடல். அதாவது வீட்டுக்குள் இருந்துகொண்டு, வெளியே போனவனோடு கோபித்துக்கொள்வது. மருதத்துத் தலைவனுக்குப் பெயரே ஊரன். ஊர் அவனுடையது. அவன் பரத்தையர் சேரிக்குப் போவான், திரும்புவான், வாயில் வேண்டி நிற்பான். அவள் இருப்பாள்.

ஐங்குறுநூற்றின் முதல் நூறு ஓரம்போகியார் பாடிய மருதம். நண்டுக்கு ஒரு பத்துப் பாடல், எருமைக்கு ஒரு பத்து, நாணல் இனத்து வேழத்துக்கு ஒரு பத்து. ஆற்றுக்கும் ஒரு பத்து உண்டு, புனலாட்டுப் பத்து. ஆனால் அந்த ஆற்றில் அவன் நீராடுவது பரத்தையோடு. மனைவிக்கு ஆறு என்பது காதில் வந்து விழும் சேதி. அவளுடைய ஊர்தான், அவளுடைய ஆறுதான், ஆனாலும் அதில் இறங்கி விளையாடும் உரிமை வீட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்ட இன்னொரு பெண்ணுக்குப் போய்விடுகிறது. அந்தப் பெண்ணுக்கோ வீடு கிடையாது. ஆறும் வீடும் சேர்ந்து ஒரு பெண்ணுக்குக் கிடைப்பதாக மருதத்தில் நான் எங்கும் பார்த்த நினைவில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மருதத்துப் பெண்ணிடம் கதவு இருக்கிறது. வாயில் மறுத்தல் என்று அதற்கொரு துறையே உண்டு. அகநானூற்றின் 46ஆம் பாடல் அள்ளூர் நன்முல்லையார் என்ற பெண் பாடியது. வந்து நிற்கிறவனை உள்ளே விடாத குரல் அது. அதை வகுப்பில் நடத்தும்போது மாணவிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். வீடு அவள் பெயரில் இல்லை, வயல் அவள் பெயரில் இல்லை, கதவு மட்டும் ஒரு இரவுக்கு அவள் கையில். இதை அதிகாரம் என்பதா, அதிகாரத்துக்குப் பதிலாகக் கொடுக்கப்பட்ட பொம்மை என்பதா? என் ஆய்வேட்டில் இதை அதிகாரம் என்றுதான் எழுதினேன். அப்போது எனக்கு வயது 27.

மருதத்தை விட்டு நேரே ஜானகிராமனுக்கு வருகிறேன். இடையில் பதினெட்டு நூற்றாண்டு போய்விட்டது என்று யாரும் கோபிக்க வேண்டாம், ஊரன் மாறவில்லை. தி. ஜானகிராமன் மன்னார்குடிப் பக்கத்துத் தேவங்குடியில் பிறந்தவர். கூத்தாநல்லூருக்கு அயலூர்க்காரர் என்றே சொல்லலாம். 1966இல் வந்த ‘அம்மா வந்தாள்’, என் கேள்வியையே கதையாகக் கொண்டது: ஆற்றங்கரை ஊரில் தங்குவதா, நகரத்துக்குப் போவதா? கேட்பவன் அப்பு. காவிரிக்கரை வேத பாடசாலையில் பதினாறு வருடம் படித்து முடித்துவிட்டான். சென்னைக்குப் போகிறான், அம்மா அலங்காரத்தம்மாளின் வாழ்வைப் பார்க்கிறான், திரும்பிவிடுகிறான்.

முதல் தடவை வாசித்தபோது எனக்கு 19 வயது. அப்புவோடு சேர்ந்து நானும் அந்தக் கரைக்குத் திரும்பினேன், அவ்வளவு குளிர்ச்சியான இடம் அது. இந்தத் தடவை வேறு இருவரைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். ஒருத்தி இந்து, சிறு வயதில் கைம்பெண்ணாகி அத்தை வீட்டோடு வந்துவிட்டவள். இன்னொருத்தி அந்த அத்தை பவானியம்மாள், பாடசாலையை நடத்துகிறவள், அவளும் கைம்பெண். பையன்கள் உட்கார்ந்து அத்தியயனம் செய்யும் அந்த அமைதியை யார் உற்பத்தி செய்கிறார்கள்? நெல் வந்து இறங்க வேண்டும், அடுப்பு எரிய வேண்டும், இலை விழ வேண்டும். அப்புவுக்குத் திரும்பி வர ஓர் இடம் இருக்கிறதென்றால், அங்கிருந்து எங்கும் போகாத இரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்று பொருள். போவதா தங்குவதா என்ற தவிப்பு அவனுக்கு ஒரு நாவல் நீளத்துக்குக் கிடைக்கிறது. இந்துவுக்கு அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ள அரைப் பக்கம் கூட இல்லை. அவளுக்கு ஆசை கிடைத்திருக்கிறது, அதைச் சொல்லும் துணிச்சலும் கிடைத்திருக்கிறது, பயணச்சீட்டு மட்டும் கிடைக்கவில்லை.

ஜானகிராமனைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. அலங்காரத்தம்மாளை ஊர் நியாயத்துக்கு முன்னால் குறுக வைக்காமல் எழுதியதற்காக அவர் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. அந்த நாவலில் சொந்த முடிவோடு இடம் பெயரும் பெண்ணும் அவள்தான். ஆனால் எங்கே போகிறாள்? காசிக்கு. இதே அமைதி, இன்னொரு ஆற்றங்கரை, போவது சாவதற்காக. மகனுக்கு ஆற்றங்கரை வாழ்வதற்கு, அம்மாவுக்கு ஆற்றங்கரை முடிவதற்கு. இந்த வித்தியாசத்தை நாவல் கவனித்த மாதிரி தெரியவில்லை. நாமும் இத்தனை காலம் கவனிக்கவில்லை, காவிரி வர்ணனையில் சொக்கிப்போயிருந்தோம்.

ஐந்து வருடம் கழித்து, 1971இல், சிட்டியும் ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி, காவேரி!’ வந்தது. காவிரியின் போக்கிலேயே நண்பர்கள் போய்வந்த பயணம். எனக்கு மிகவும் பிடித்த புத்தகங்களில் ஒன்று. அதை வாசிக்கிறபோதெல்லாம் அற்பத்தனமான ஒரு கேள்வி எழும், அடக்கிக்கொள்வேன். இங்கே அடக்கப் போவதில்லை: அத்தனை நாள் அவர்கள் வீட்டில் பால் வாங்கியது யார்?

மார்கழிக் கடைசியில் நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். திருவாரூரில் இறங்கி மன்னார்குடிப் பேருந்தில் லெட்சுமாங்குடி வழியாகப் போனேன். கூத்தாநல்லூருக்குச் சின்ன சிங்கப்பூர் என்று பட்டப்பெயர். ஆண்கள் தலைமுறை தலைமுறையாகச் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும், பிறகு வளைகுடாவுக்கும் போய் வரும் ஊர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 25,000 சொச்சம், ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். தெருக்களில் நடந்தால் அந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரியும். பெரிய பெரிய வீடுகள், பளிங்குத் தரை, வாசலில் கிரில், பாதி ஜன்னல்கள் சாத்திக்கிடக்கும். என் தோழி சொன்ன அமைதி உண்மைதான். அது ஆள் இல்லாத அமைதி.

அவள் வீட்டுக் கூடத்தில் இரண்டு கடிகாரம் மாட்டியிருந்தது. ஒன்று நம் நேரம், இன்னொன்று அதைவிட இரண்டரை மணி முன்னால், சிங்கப்பூர் நேரம். அண்ணன்மார் இருவரும் அங்கே குடும்பத்தோடு இருக்கிறார்கள், கணவர் வருடத்துக்கு ஒரு மாதம் வருகிறார். இவளிடம் ஒரு சாவிக்கொத்து. இந்த வீடு, இரண்டு அண்ணன்களின் வீடுகள், சின்னத்தாவின் வீடு, கணவரின் வழியில் இன்னொரு வீடு, ஆக ஐந்து வீட்டுச் சாவி. தினமும் ஒரு வீட்டைத் திறந்து, பெருக்கி, மோட்டார் போட்டுத் தொட்டியில் தண்ணீர் ஏற்றி, கரையான் பார்த்து, பூட்டுகிறாள். தென்னைக்கு ஆள் விடுவது, குத்தகை நெல்லைக் கணக்குப் பார்ப்பது, வங்கி, நகராட்சி வரி எல்லாம் அவள். மாடி அறையைக் காட்டினாள். நல்ல அறை. மூலையில் கோடாலித் தைல அட்டைப்பெட்டிகளும் பிரிக்காத ஒரு மிக்சியும் இருந்தன.

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யை (2004) பையில் வைத்திருந்தேன். அந்த நாவலின் ஊரில் ஆறு கிடையாது, அது துவரங்குறிச்சிப் பக்கத்து வறண்ட நிலத்து வாழ்க்கை. இருந்தும் ஜானகிராமன் காட்டாத ஆற்றங்கரை வீட்டின் உள்பக்கத்தை இந்த நாவல்தான் எனக்குக் காட்டியது. சிறுமி ராபியாவின் கண் வழியாக நாம் கூடத்துக்கும் அடுக்களைக்கும் மொட்டைமாடிக்கும் போகிறோம். ஆண்கள் வியாபாரத்துக்கும் வெளிநாட்டுக்கும் போய்வருகிறார்கள். பெண்கள் பேசுகிறார்கள், ஓயாமல் பேசுகிறார்கள், கேலியும் ஏச்சும் உடம்பைப் பற்றிய பேச்சுமாக. வெளியிலிருந்து பார்த்தால் அமைதியான தெரு, உள்ளே காது கொள்ளாத இரைச்சல். சல்மாவின் சாதனை அந்த இரைச்சலைச் சுத்தம் செய்யாமல் அப்படியே விட்டதில் இருக்கிறது. ஆடுகிற ஊஞ்சலையும் ஓடுகிற ஆற்றையும் வர்ணிக்க அவருக்கு நேரமில்லை. சுவர் இருப்பவர்கள் காட்சியை எழுதுவதில்லை.

அந்தச் சுவர் அவர் வாழ்க்கையிலிருந்து வந்தது. பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடம் நின்றுபோனதையும், திருமணத்துக்குப் பிறகு இரவில் கழிப்பறைக்குள் ஒளிந்து கவிதை எழுதியதையும் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பின்னால் 2001இல் அவர் பொன்னம்பட்டிப் பேரூராட்சித் தலைவரானார், எழுதியவற்றோடு வெளியே வந்தார். இங்கே வுல்ஃபின் அறையை நினைக்காத பெண்ணியக் கட்டுரை கிடையாது, நானும் ஒரு வரி சொல்லிவிட்டு நகர்கிறேன். 1929இல் அவர் கேட்டது அறை மட்டுமல்ல, கதவுக்கு ஒரு பூட்டும். அறையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம், பூட்டை விட்டுவிடுகிறோம். சல்மாவுக்குத் தாழ்ப்பாள் இருந்த ஒரே அறை கழிப்பறை.

இதையெல்லாம் அன்றிரவு தோழியிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டுவிட்டு, “எங்கள பாவம்னு மட்டும் எழுதிறாத” என்றாள். “அஞ்சு வீட்டுச் சாவி என் இடுப்புல இருக்கு. எங்கண்ணன் வந்தா என்கிட்ட கேட்டுத்தான் அவன் வீட்ட தொறக்கணும். இது பாவமா?” நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் சொன்னதில் இன்னொன்றும் இருந்தது. சல்மாவின் நாவலை ‘அவர்கள் வீட்டுப் பிரச்சினை’யாக வாசித்துப் பெருமூச்சு விட்டவர்கள் நம் விமர்சகர்களில் நிறையப் பேர். மன்னார்குடிப் பக்கத்து என் சொந்தப் பாட்டி, வாசல் திண்ணையில் வெளிச்சம் இருக்கும்போது உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அந்தக் கட்டுப்பாட்டுக்கு மதம் ஒன்று என்று சொல்ல முடியாது, நிலம் ஒன்று.

நிலம் என்றதும் சொல்லத் தோன்றுகிறது. மறுநாள் காலை ஆற்றங்கரைக்குப் போனோம். கரையோரம் ஆகாயத்தாமரை அடர்ந்திருந்தது, நடுவில் மட்டும் தண்ணீர். ஜூன் 12இல் மேட்டூரைத் திறந்தால், நீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாறாகப் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக இந்தப் பக்கம் எட்டுவதற்குள் குறுவைக்காரர்கள் வானத்தைப் பார்த்துக் கழுத்து வலித்துவிடுவார்கள். திறக்காத வருடங்களும் உண்டு. கோடையில் இது ஆறே இல்லை, மணலும் முள்ளும்தான். நாவல்களில் எப்போதும் கரை புரண்டு ஓடும் காவிரி, வருடத்தில் சில மாதத்துக் காவிரி. மற்ற மாதங்களை எழுத யாரும் உட்காரவில்லை போலிருக்கிறது. வயல் பக்கம் அறுவடை இயந்திரம் ஒன்று தயாராக வந்து நின்றது, தைக்கு முன்னாலேயே. தை பிறந்துவிட்டால் இரவெல்லாம் அதன் சத்தம்தான் என்றாள் தோழி. அறுப்புக்குப் போன பெண்கள் இப்போது நூறுநாள் வேலைக்குப் போகிறார்கள்.

கீழத்தஞ்சையில் நின்றுகொண்டு அமைதி என்ற சொல்லைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இந்த ஊரிலிருந்து கிழக்கே, திருவாரூரைத் தாண்டிப் போனால் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட தலித் மக்களில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அதற்கு முந்தைய தலைமுறைகளில் பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த நிலம் இது. அந்தக் காலத்திலும் ஆற்றங்கரை அமைதியாகத்தான் இருந்திருக்கும். அக்கிரகாரத்துப் படித்துறை வர்ணனைகளில் நாற்று நடும் பெண்ணின் இடுப்பு வலி இல்லை. அவள் படித்துறைக்கு வரக் கூடாது என்பதுதான் அந்தப் படித்துறையின் குளிர்ச்சிக்குக் காரணம்.

இங்கேதான் என் வாசிப்புக்கு ஒரு திருப்பம் வேண்டியிருந்தது, ராஜம் கிருஷ்ணன் அதைக் கொடுத்தார். 1991இல் வந்த ‘பாதையில் பதிந்த அடிகள்’, மணலூர் மணியம்மையின் வாழ்க்கையை நாவலாக்கியது. பிராமணக் குடும்பத்தில் பிறந்து, நாகப்பட்டினத்து வக்கீலுக்கு வாழ்க்கைப்பட்டு, இளமையிலேயே கைம்பெண்ணாகி, கீழத்தஞ்சைக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தவர் மணியம்மை. சொல்லப்போனால் இந்துவின் நிலையும் அவர் நிலையும் ஒன்று. தலையை மழித்து மூலையில் உட்கார வேண்டிய அவர் கிராப்பு வைத்துக்கொண்டார், வேட்டியும் மேல்சட்டையும் போட்டார், பண்ணையாட்களின் சேரிக்குப் போனார், காங்கிரஸ் வழியாகக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்தார். 1952இல் தஞ்சைக்குப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பின்னால் இருந்த போராட்டங்களில் ஆண் தலைவர்களின் பெயர்கள் நிலைத்தன, இவர் பெயர் மங்கிக்கொண்டிருந்தது. 1953இல் மான் முட்டி இறந்தார் என்பது கேட்பவர் யாருக்கும் நம்பச் சிரமமான, ஆனால் உண்மையான முடிவு.

நாவலாக அதில் குறைகள் உண்டு. உரையாடல்கள் சில இடங்களில் மேடையேறிவிடுகின்றன, மணியம்மையின் தனிமை போதிய அளவு எழுதப்படவில்லை. ராத்திரி அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும், ராஜம் கிருஷ்ணன் விடியற்காலைக்குத் தாவிவிடுகிறார். ஆனால் அவர் ஊர் ஊராகப் போய், மணியம்மையை நேரில் அறிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியது அது. மறந்துபோக இருந்த ஒரு பெண்ணைச் சேரிக்காரர்களின் நினைவிலிருந்து மீட்டு வந்தார். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது இதுதான்: மணியம்மைக்குக் கிராமம் ஒதுங்குமிடமாகத் தொடங்கி, ஒதுங்க முடியாத இடமாக மாறியது. ஊரின் அமைதி யாருடைய வாயைப் பொத்திக் கிடைத்தது என்று கேட்டவுடன் அவருடைய சொந்த அமைதி போய்விட்டது. முசிறியில், காவிரிக்கரையில் பிறந்த ராஜம் கிருஷ்ணன், கணவரை இழந்த பின் சொந்த வீடில்லாமல் முதியோர் இல்லத்திலும் மருத்துவமனையிலும் இருந்து 2014இல் இறந்தார். நாற்பது புத்தகத்துக்கு மேல் எழுதிய கை. மாறுதல் விண்ணப்பத்தை நிரப்பும்போது இது எனக்கு ஞாபகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அம்பையின் ‘அடவி’யை இங்கே சொல்லாமல் விடக் கூடாது. ‘காட்டில் ஒரு மான்’ தொகுப்பில் (2000) இருக்கும் நீண்ட கதை. செந்திரு, கணவனின் தொழிலில் உழைத்தும் பங்குதாரராக ஏற்கப்படாதவள், காட்டுக்குப் போய்ச் சீதையின் கதையைத் தானே எழுதுகிறாள். என் வயதுப் பெண்கள் பலருக்கு அந்தக் கதை ஒரு அனுமதிச் சீட்டு மாதிரி இருந்தது. ஆனால் காடு வேறு, சிறுநகரம் வேறு. காட்டில் யாரும் ‘நீ எந்த வீட்டுப் பொண்ணு’ என்று கேட்பதில்லை. கூத்தாநல்லூரில் நான் பேருந்தை விட்டு இறங்கி தோழி வீட்டுக்குப் போகும் வழியில் மூன்று பேர் கேட்டார்கள். சொன்னதும் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். கேள்வியும் உதவியும் ஒரே வாயிலிருந்து வருகிற இடம் அது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

அதோடு, சிறிய ஊருக்குள்ளேயே இருந்து எழுதியவர்களும் நம்மிடம் உண்டு. நாகூரில் சித்தி ஜுனைதா பேகம், பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. 1938இல் ‘காதலா கடமையா’ நாவலை வெளியிட்டார், உ.வே. சாமிநாதையர் முன்னுரை எழுதினார். இந்தக் கடைமடைக்கு எழுத்து வருவதற்குச் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியை வந்து மாடியில் உட்கார வேண்டிய அவசியம் இல்லை என்பதை எனக்கே சொல்லிக்கொள்ள இதை எழுதுகிறேன்.

ஆற்றங்கரையில் பெண் இருந்தாள் என்று மட்டுமே சொன்னால் நம் மரபைப் பாதி மறைத்தவள் ஆவேன். நடந்தவளும் உண்டு. ஆதிமந்தி, ஆட்டனத்தியைக் காவிரி கொண்டுபோனபின் கரை நெடுக அவனைத் தேடி அலைந்தவள். குறுந்தொகையில் அவள் பெயரில் ஒரு பாட்டு இருக்கிறது, 31ஆவது. அகநானூறு 45இல் வெள்ளிவீதியார் தன் துயரத்தைச் சொல்லும்போது ஆதிமந்தியை நினைக்கிறார். அகநானூறு 147இல் ஔவையார், வெள்ளிவீதியாரை நினைக்கிறார். ஒரு பெண் அலைந்ததை இன்னொரு பெண் எழுத, அவள் அலைந்ததை மூன்றாமவள் எழுதுகிறாள். அலைந்தது ஆணைத் தேடித்தானே என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். ஆமாம். ஆனாலும் மருதத்து வீட்டுக்குள் உட்காரவைக்கப்பட்ட பெண்ணைவிட இவர்கள் ஒருவர் கண்ணில் ஒருவர் பட்டிருக்கிறார்கள். வெளியே வந்தால்தான் அதுவாவது நடக்கும்.

இத்தனையும் எழுதி முடித்து, மாசி மாதம் தோழிக்குத் தொலைபேசினேன். வருவதானால் வாடகை தருவேன், பதினொரு மாத ஒப்பந்தம் எழுதிக்கொள்வோம், விருந்தாளியாக வர மாட்டேன் என்று என் நிபந்தனைகளைச் சொன்னேன். எழுதிவைத்து வாசித்தேன் என்றே சொல்லலாம். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“வாடகை என்னமோ குடு. சாவிய வாங்கிக்குவியா, அதச் சொல்லு.”

“எந்தச் சாவி?”

“அஞ்சும்தான். இருவத்திரெண்டு வருசமாச்சுடி. மூணு ராத்திரிக்கு மேல இந்த ஊர விட்டு நான் தங்குனதில்ல. யாருகிட்ட குடுத்துட்டுப் போறது? நீ வந்து மாடியில இருந்தா நான் ரெண்டு மாசம் உன் வீட்டுல வந்து இருப்பேன்ல.”

ஐப்பசியில் அவள் அழைத்தபோது எனக்கு ஏதோ தருகிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நான்கு மாதம், எந்த நாவலில் எந்தப் பெண்ணுக்குப் பயணச்சீட்டு இல்லை என்று அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்த எனக்கு, தொலைபேசியில் வந்த குரல் கேட்கவில்லை. அவளோடு சாவிக்கொத்தைப் பற்றிப் பேசினேன், அதன் கனத்தை அவள் பெருமையாகச் சொன்னதையும் கேட்டேன். இரண்டும் ஒரே கொத்து என்பது உறைக்க அவளே வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

எனக்குப் பயமாகவும் இருக்கிறது. ஐந்து வீடு, ஐந்து மோட்டார், கரையான். இதைத் தினமும் செய்தபிறகு கவிதை எழுத என்ன மிஞ்சும்? அவளுக்குக் கேட்ட கேள்வி எனக்கும் வரும்: அவளை விடுவிக்கப் போய் நான் அந்த வீட்டின் புதிய இந்து ஆகிவிட மாட்டேனா? இரண்டு மாதத்துக்கு யாரும் இந்து ஆக முடியாது என்று என் மகள் சொல்கிறாள். அவளுக்கு 20 வயது.

மே மாதம் கல்லூரி விடுமுறை. நான் அங்கே போகிறேன், அவள் இங்கே வருகிறாள். ஆற்றில் அப்போது தண்ணீர் இருக்காது. மாறுதல் விண்ணப்பத்தில் பெயரும் துறையும் மட்டும் எழுதியிருக்கிறேன், விரும்பும் கல்லூரி என்ற இடம் காலியாக இருக்கிறது. நேற்று இரவு அவள் மறுபடி கூப்பிட்டாள். அண்ணன்களிடம் சொல்லிவிட்டாளாம். மூத்தவர் ஒன்றும் சொல்லவில்லை, இளையவர் மட்டும் தன் வீட்டுச் சாவியைச் சின்னத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னாராம். “அப்ப உனக்கு நாலுதான்” என்றாள். முழங்கால் வலி அவளுக்கு. நான் இருப்பது மூன்றாவது மாடி. கடைசியாக அவள் கேட்டது, லிஃப்ட் கரண்டு போனால் நின்றுவிடுமா என்று.